நாலெழுத்துக் கட்டளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி முடிந்து பேப்பரைப் பிரிக்கிற நேரத்தில் அக்கா மகள் போன் செய்தாள். அமெரிக்காவில் இருக்கிறாள், அங்கே அப்போது ராத்திரி. குடும்ப வம்சாவளி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறாளாம்.

"மாமா, தாத்தாவோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அம்மா மூணு பேர்ங்கிறாங்க. பெரியம்மா நாலு பேர்னு சொல்றாங்க. யாரைக் கேக்கறது?"

கேட்பதற்கு அந்தத் தலைமுறையில் யாரும் இல்லை. ஆனால் அப்பா தம் வாழ்க்கைக் குறிப்புகளை 1996-ல் சொல்லச் சொல்ல, நான் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். 112 பக்கம். "ஒரு அஞ்சு நிமிஷம் லைன்ல இரும்மா" என்று சொல்லிவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டளை அடித்தேன். ஆங்கிலத்தில் நாலே எழுத்து. கிரெப் என்று பெயர். அதற்கு வயது ஐம்பதுக்கு மேல். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கிரெப்பின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். கணினிக்காரர்கள் தினமும் கையாளும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணினி தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்று ஓர் ஊர். அங்கேதான் பெல் ஆய்வுக்கூடம் இருந்தது. தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டி-க்குச் சொந்தமானது. 1969-ல் கென் தாம்ப்சன் என்ற இளைஞர் அங்கே வேலையில் இருந்தார். ஆய்வுக்கூடம் அப்போதுதான் ஒரு பெரிய கூட்டுத் திட்டத்திலிருந்து விலகியிருந்தது. மல்டிக்ஸ் என்று அதற்குப் பெயர். பெரிய கணினி, பெரிய செலவு, முடிகிற வழியாக இல்லை. தாம்ப்சன் பழைய பிடிபி-7 கணினி ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி கைக்குழந்தையோடு மூன்று வாரம் கலிஃபோர்னியாவுக்குப் போயிருந்தார். அந்த மூன்று வாரத்தில் தாம்ப்சன் ஓர் இயங்குதளத்தின் அடிப்படையை எழுதி முடித்துவிட்டார். அதுதான் யூனிக்ஸ். டென்னிஸ் ரிச்சி என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார்.

புதுக் கணினி வாங்க மேலிடம் லேசில் பணம் தரவில்லை. அதனால் இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். "எங்களுக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுங்கள், காப்புரிமை விண்ணப்பங்களை அழகாக அச்சடித்துத் தருகிற ஏற்பாடு ஒன்று செய்து தருகிறோம்" என்று கேட்டார்கள். இப்படி 1970-ல் வந்தது பிடிபி-11. அதன் நினைவகம் வெறும் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கே போய்விடும். மற்ற வேலைகளுக்கு மிச்சம் 8. இன்று நம் கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அதைப்போல் பல நூறு மடங்கு இடம் வேண்டும்.

அந்தக் காலத்தில் திரையும் கிடையாது, மவுசும் கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு யந்திரம் மாதிரியான ஒன்று. நீங்கள் அடிப்பதும், கணினி பதில் சொல்வதும் காகிதத்தில் டக் டக்கென்று அச்சாகும். வினாடிக்கு பத்து எழுத்து. விசைகளை ஓங்கி அழுத்த வேண்டும். அதனால்தான் யூனிக்ஸ் கட்டளைகள் எல்லாம் தந்திபோல இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் இருக்கும். நகல் எடுக்க 'சிபி', இடம் மாற்ற 'எம்வி', அழிக்க 'ஆர்எம்'. நம்மூரில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தந்தி அடித்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதல்ல.

எழுதுவதற்கும் திருத்துவதற்கும் 'எட்' என்று ஒரு புரோகிராம். தாம்ப்சன் எழுதியதுதான். அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு சொல்லை மட்டுமல்ல, ஒரு சொல்லின் அமைப்பையே தேடலாம். உதாரணமாக, 'இன்ன எழுத்தில் தொடங்கி, நடுவில் எது வேண்டுமானாலும் வந்து, இன்ன எழுத்தில் முடிகிற சொல்' என்று கேட்கலாம். 1950-களில் ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் உருவாக்கிய குறியீட்டு முறை இது. அதைக் கணினியில் வேகமாகத் தேட எப்படிப் பயன்படுத்தலாம் என்று தாம்ப்சன் 1968-ல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

எட் புரோகிராமில் அப்படித் தேடி, கிடைத்த வரிகளை எல்லாம் காகிதத்தில் அச்சிடச் சொல்ல ஒரு குறுங்கட்டளை உண்டு. முதலில் 'ஜி', 'கோப்பு முழுக்கத் தேடு' என்று அர்த்தம். அடுத்து இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே தேட வேண்டிய அமைப்பு. ஆங்கிலத்தில் அதைச் சுருக்கமாக 'ஆர்இ' என்பார்கள். கடைசியில் 'பி', அதாவது 'அச்சிடு'. நாலையும் சேர்த்துப் படித்தால் கிரெப்.

தனிக் கருவியாக அது ஏன் பிரிந்தது? அங்கே லீ மக்மேன் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 88-ல் ஃபெடரலிஸ்ட் என்ற தலைப்பில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. மூன்று பேர் ஒரே புனைபெயரில் எழுதியவை. எந்தக் கட்டுரையை யார் எழுதினார் என்பதில் வெகுகாலம் சர்ச்சை. சொற்களை ஆராய்ந்து பார்க்க மக்மேனுக்கு ஆசை. ஆனால் 85 கட்டுரையும் சேர்ந்தால் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். எட் புரோகிராமுக்குள் அது அடங்காது. இன்னொரு பக்கம் அந்தப் பிரிவின் தலைவர் டக் மக்கில்ராயும் "கோப்புகளுக்குள் தேட ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தாம்ப்சனிடம் சொன்னார்.

மறுநாள் காலை கருவி தயார். ஒரே ராத்திரியில் எழுதிவிட்டார் என்று எல்லோரும் அசந்துபோனார்கள். உண்மையில் தாம்ப்சன் அப்படி ஒன்றைத் தம் சொந்த உபயோகத்துக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாராம். கொஞ்சம் துடைத்துச் சீர்படுத்திக் கொடுத்தார், அவ்வளவுதான். பல வருடம் கழித்து அவரே சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் இது. 1973-ல் கிரெப் யூனிக்ஸோடு சேர்ந்தது. எட் செய்ததுபோல் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து விட்டுவிடும். அதனால் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கவலை இல்லை.

அதே சமயத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. மக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஒரு குழாய் போதவில்லை என்றால் இன்னொன்றை மாட்டிக்கொள்கிறோம் அல்லவா, அதுபோலப் புரோகிராம்களையும் ஒன்றோடு ஒன்று மாட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. எட்டு ஒன்பது வருடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1973 வாக்கில் தாம்ப்சன் ஒரே ராத்திரியில் அதையும் செய்து முடித்தார். பெயரும் குழாய்தான், ஆங்கிலத்தில் பைப். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு நெடுங்கோடு போட்டால், முதலாவது தரும் விடை அப்படியே இரண்டாவதற்குப் போய்ச் சேரும்.

இதனால் என்ன லாபம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். 1975-ல் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் எழுத்துப்பிழை கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார். அதற்கென்று பெரிய புரோகிராம் எதுவும் எழுதவில்லை. கட்டுரையை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்க ஒரு கருவி. அதை அகரவரிசைப்படுத்த ஒன்று. திரும்பத் திரும்ப வருவதை நீக்க ஒன்று. மீதியை அகராதிப் பட்டியலோடு ஒப்பிட ஒன்று. எல்லாம் ஏற்கெனவே இருந்த கருவிகள். குழாய்களை மாட்டினார், வேலை முடிந்தது. கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் என்று அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் வீடு எழும்புகிறது அல்லவா, அந்த மாதிரி.

இந்தக் குழாய்கள் என் வாழ்க்கைக்குள் வந்தது 1989-ல். நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் அதிகாரி. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்த பிறகு, வங்கிகளில் மெல்ல மெல்லக் கணினி நுழைந்த காலம். எங்களுக்கு வந்தது யூனிக்ஸ் யந்திரம், பச்சை எழுத்துத் திரை. ஒரு மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒரு கிளையின் பதிவுகள் இரண்டு தடவை ஏறிவிட்டன என்று சந்தேகம். நானும் இன்னொரு அதிகாரியும் மூன்று ராத்திரி, கட்டுக் கட்டாய் அச்சுத் தாளை வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் டிக் அடித்தோம். கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

நாலாவது நாள் கணினிக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டான். "சார், கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்று உட்கார்ந்து ஒரே வரி அடித்தான். அந்தக் கிளையின் எண் உள்ள வரிகளைக் கிரெப் பொறுக்கியது. குழாய் வழியாகப் போய் வரிசைப்பட்டன. இன்னொரு குழாய் வழியாகப் போய் இரட்டையாக வந்தவை மட்டும் திரையில் நின்றன. பதினேழு வரி. நான் வாயடைத்துப்போய் நின்றேன். "இதை எனக்குச் சொல்லிக் கொடுப்பா" என்று அன்றைக்கே அவனிடம் மாணவனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.

தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சரக்கு உலகம் முழுக்க எப்படிப் பரவியது? அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஏகபோக வழக்கில் 1956-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு தவிர வேறு வியாபாரம் செய்யக் கூடாது. அதனால் யூனிக்ஸை வைத்துக் கடை விரிக்க முடியவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூல நிரலோடு கொடுத்தார்கள். மாணவர்கள் அதைப் பிரித்துப் படித்தே கற்றுக்கொண்டார்கள். பின்னால் 1984-ல் கம்பெனி உடைக்கப்பட்டு, வியாபாரக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்துவிட்டார். யூனிக்ஸ் கருவிகள் ஒவ்வொன்றையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி புதிதாக எழுதுகிற திட்டம். கிரெப்பும் அப்படி மறுபடி எழுதப்பட்டது. இன்று என் வீட்டு லினக்ஸ் கணினியில் ஓடுவது அதுதான். காலணா செலவில்லை.

எல்லாம் சரி, ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி தமிழில் எப்படித் தேடும்? இங்கேயும் அதே தாம்ப்சன்தான் வருகிறார்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுக்கும் யூனிகோடு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அந்த எண்களைக் கோப்பில் எப்படி எழுதி வைப்பது? புது முறை கொண்டுவந்தால், ஆங்கிலத்துக்காக எழுதிய ஆயிரக்கணக்கான பழைய புரோகிராம்கள் தடுமாறும். 1992 செப்டம்பரில் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்திலேயே தாம்ப்சன் ஒரு முறையை எழுதிக் காட்டினார். அதுதான் யுடிஎஃப்-8. ஒரு வாரத்துக்குள் தங்கள் ஆய்வுக்கூடத்து இயங்குதளத்தையே அதற்கு மாற்றிவிட்டார்கள். இன்று இணையத்தில் நீங்கள் படிக்கும் தமிழ் பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கிறது.

இதில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். ஆங்கில எழுத்துக்கு உரிய பைட் எதுவும் இந்தப் பதினைந்துக்குள் வராது. ஆகவே பழைய கருவிகளுக்குக் குழப்பமில்லை. ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடப் பிறந்த கிரெப் தமிழையும் தேட ஆரம்பித்தது இப்படித்தான்.

இப்போது அப்பாவின் குறிப்புகளுக்கு வருகிறேன். 1996-ல் நான் தட்டச்சு செய்தது யூனிகோடில் இல்லை. அப்போது விற்ற ஒரு தமிழ் மென்பொருளில். அதற்கென்று தனி எழுத்துரு, தனி எண் முறை. 1999-ல் அப்பா தவறிவிட்டார். அந்த மென்பொருளும் புதுக் கணினிகளில் ஓடாமல் போனது. 2013-ல் கோப்பைத் திறந்தால் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தும்தான் தெரிந்தன. அச்செடுத்த பிரதியோ வீடு மாறியபோது காணாமல் போயிருந்தது. அப்பாவின் குரலே தொலைந்துபோன மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அப்புறம்தான் அந்தப் பையன் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கோப்பு கெடவில்லை, குறியீடுதான் வேறே. எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று கண்டுபிடித்து மாற்றினால் போதும். அதற்குச் 'செட்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு வரியாக வாங்கி, 'இதை எடுத்துவிட்டு அதைப் போடு' என்று சொன்னபடி செய்யும். எழுதியவர் யார் தெரியுமா? ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளைத் தேடிய அதே லீ மக்மேன்தான்.

மூன்று வாரம் ஆனது. பழைய முறையில் நாம் கையால் எழுதுகிற வரிசைப்படியே கொம்பு முன்னால் இருக்கும். 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் 'க', அப்புறம்தான் மற்றது. ஆகவே கொம்பையும் காலையும் சேர்த்து முதலில் மாற்ற வேண்டும். தனிக் கொம்பைப் பிறகு. வரிசை மாறினால் 'கொ' எல்லாம் 'கெ' ஆகிக் கால் மட்டும் தனியாகத் தொங்கும். ஔகாரம் இன்னும் தொல்லை. 'மௌனம்' சரியாக வரட்டும் என்று ஒரு விதி எழுதினேன். கொம்புக்கும் ளகரத்துக்கும் நடுவில் எது இருந்தாலும் அது ஔகாரமாகிவிட்டது. 'தெளிவு' என்ற சொல்லே தெளிவில்லாமல் போயிற்று! அந்த மாதிரி இடங்களைக் கிரெப் கொண்டு பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். கடைசியில் 112 பக்கமும் திரும்பி வந்தது. முதல் வரியைப் படித்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலவே இருந்தது.

அந்தக் கோப்பில்தான் போன மாதம் தேடினேன். தமிழில் தேடுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. 'மகன்' என்று தேடினால் 'மகனை', 'மகனுக்கு' எல்லாம் கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. 'மகன' என்று புள்ளியில்லாமல் தேடினால் எல்லாம் வரும். அப்பா சில இடத்தில் தங்கை என்பார், சில இடத்தில் தங்கச்சி என்பார். அதனால் 'தங்க' என்று மட்டும் கொடுத்தேன். 41 வரி வந்தது. அதில் பாட்டியின் தங்க வளையலும் இருக்கிறது. சத்திரத்தில் தங்கிய கதையும் இருக்கிறது. குழாய் மாட்டி, இன்னொரு கிரெப்பிடம் "வளையலும் தங்கியதும் வேண்டாம்" என்றேன். ஒன்பது வரி மிஞ்சியது.

ஏழாவது வரியில் ஒரு பெயர். நான் தட்டச்சு செய்த பெயர்தான், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அப்பாவின் கடைசித் தங்கை. ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றும், அவளுக்காக வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூடப் பலகையை அம்மா வெகுநாள் எடுத்து வைத்திருந்தாள் என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். 112 பக்கத்தில் அந்தப் பெயர் வருவது அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

"நாலு பேர்தாம்மா. உங்க பெரியம்மா சொன்னதுதான் சரி" என்றேன். பெயரையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதிக்கிட்டேன் மாமா" என்றாள்.

லீ மக்மேன் 1989-ல் காலமானார், யுடிஎஃப்-8 வருவதற்கு மூன்று வருடம் முன்பே. அவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பது தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் செய்த சின்னக் கருவி எங்கள் வீட்டில் ஒரு சிறுமியின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நண்பர்களே, உங்களிடமும் பழைய தமிழ் மென்பொருளில் அடித்த கோப்புகள் ஏதாவது இருக்கலாம். கல்யாணப் பத்திரிகையோ, கடிதமோ, பெரியவர்கள் சொன்ன கதையோ. எழுத்து தெரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் உட்கார வைத்து யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரண எழுத்துக் கோப்பாக இன்றைக்கே சேமித்து வையுங்கள். தேடுவதற்குக் கருவி இருக்கிறது. தேட வேண்டியது கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.